சேல்ஸ் அண்ணனோடு ஒரு டெஸ்ட் ரைடு

இன்று கண்டியில், பழைய பைக்குக்குக் கண்ணாடி வாங்க ஷோரூமுக்குப் போன அப்பாவைப் பிடித்து, புது பைக்குக்கு லீசிங் கடன் போட உட்காரவைத்துவிட்டார்கள். அவருக்கு "வேணாம்" என்று சொல்ல வராது. கையெழுத்துப் போடப் பேனையும் கைக்கு வந்துவிட்டது.

"அந்தப் பழைய இரும்ப இன்னுமா ஓட்டுறீங்க ஐயா?" என்று சேல்ஸ் அண்ணன் சிரித்தார். கூடப் போன எனக்குச் சுட்டது.

"அண்ணே, என்னைய ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு போங்க. எனக்குப் புடிச்சாத்தான் அப்பா சைன் வைப்பாரு."

ஷோரூம் பைக்கில் பெட்ரோல் நாக்கு நனையத்தான் இருக்கும். "இன்னும் கொஞ்சம் போங்கண்ணே" என்று சொல்லிச் சொல்லியே ஏற்றம் தாண்டி மறுபக்கம் இறங்கவைத்தேன். அடிவாரத்தில் பெட்ரோல் தீர்ந்து பைக் நின்றது.

"தம்பி, ஒரு கை தள்ளுடா!"

"வாங்காத பைக்க நான் ஏண்ணே தள்ளணும்?"

நான் பஸ்ஸில் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பைக்கைத் தள்ளிக்கொண்டு அண்ணன் எதுவரை வந்திருக்கிறார்? வழியில் கண்டவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். உதவி மட்டும் செய்துவிடாதீர்கள்.