எந்தக் கணக்கிலும் வராதவர்

பஞ்சாலையில் இருபத்திரண்டு வருஷம் இயந்திரங்களைக் கழற்றி மாட்டும் பிட்டராக இருந்தவரை எல்லாரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆலை மூடியதும் மனிதர் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். "வயசாயிடுச்சே அண்ணே" என்று நாலு இடத்தில் சொல்லக் கேட்டபிறகு கால் எழவில்லை. அதை வீட்டில் சொல்ல வாய் வரவில்லை, அங்கேதான் பிடித்தது சனி. தினமும் தேய்த்த சட்டையோடு கிளம்பிப் போய், பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்துவிடுவார். மின்விசிறி உண்டு, ஏன் வந்தாய் என்று கேட்க ஆளில்லை. தன் முறை நெருங்கினால் மட்டும் நைசாக எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவார். எட்டு மாதமாக இந்தக் கூத்து!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, யார் யாருக்கு வேலையில்லை என்று வீடு வீடாகக் கணக்கெடுக்கும் அரசாங்கப் பெண் வந்தாள்.

"போன நாலு வாரத்துல வேலை தேடினீங்களா சார்?"

"நல்லா கேட்டீங்க போங்க!" என்று மனைவி முந்திக்கொண்டாள். "பம்பு கம்பெனி, லேத் பட்டறை, பஸ் டிப்போ... ஒரு இடம் பாக்கி வைக்கலம்மா. நான் பாத்திரம் தேய்க்கிற வீடுகள்லகூட வெட்கத்தை விட்டுச் சொல்லி வச்சிருக்கேன், எங்க வீட்டுக்காரர் நாயா அலையறாருன்னு."

எல்லாம் அவர் அளந்த கதைகள். இவருக்காக அவள் கண்டவர்களிடமும் கெஞ்சியிருக்கிறாள் என்பது அவருக்கு இப்போதுதான் தெரியும். அவமானத்தில் காது இரண்டும் எரிந்தது.

"தேடலைம்மா," என்றார் தரையைப் பார்த்து. "எட்டு மாசமா எங்கயும் தேடலை. ஆஸ்பத்திரியில போய் உக்காந்திருந்தேன்."

மனைவி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். கணக்கெடுக்கிறவளின் பேனா நின்றது.

"அப்போ வேலையில்லாதவர்னு எழுத முடியாது சார். தேடுறவங்கதான் அந்தக் கணக்குல வருவாங்க."

"வேலையில்லாமத்தானே இருக்காரு?" என்றாள் மனைவி.

"இருந்தாலும் வராதுக்கா. போன தடவை இந்தத் தெருவுல வேலையில்லாதவங்க பதினோரு பேர். இப்போ ரெண்டே பேர்தான். நல்லா குறைஞ்சிருக்கு."

ஒன்பது பேருக்கு வேலை கிடைத்ததா? மண்ணாங்கட்டி! எல்லாம் அதே ஆலைக்காரர்கள், அலைந்து அலுத்துப்போய் வீட்டோடு முடங்கியவர்கள். ஸ்பேனருக்கு ஒவ்வொருவரையும் தெரியும்.

அந்தப் பெண் போனபிறகு மனைவி கத்துவாள் என்று காத்திருந்தார். கத்தியிருந்தால் பாரம் இறங்கியிருக்கும். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நாளைக்கும் காலையில கிளம்பிடுங்க."

"எங்க போறது?"

"அந்த ஆஸ்பத்திரிக்கே போங்க. நீங்க வேலை தேடி அலையறதா நான் சொல்லி வச்ச வீட்டுக்காரங்க முகத்துல நாளைக்கு நான் முழிக்கணும்."