எப்ப ஊத்தினீங்க?

இருபத்தைந்து கிலோ. அதுவரை என்றால் குளியல் அக்கா தனியாகவே நாயைத் தூக்கித் தொட்டியில் இறக்கிவிடுவார். அதற்கு மேல் போனால் வளர்ப்பவர் பின்னங்கால் பக்கம் ஒரு கை கொடுக்க வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில், இரண்டு முறை இடுப்பு பிடித்துக்கொண்டு படுக்கையில் கிடந்த பிறகு, தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம் இது.

நாய் குளிப்பாட்டும் கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கால்நடை மருத்துவமனைக்கும் சாவி போட்டுத் தரும் கடைக்கும் நடுவே ஒடுங்கிக்கிடக்கும் நீள அறை. இடுப்பளவு உயரத்தில் ஒரு தொட்டி, கால் வழுக்காமலிருக்க அதற்குள் ரப்பர் விரிப்பு, சுவரில் நாயின் கழுத்து வாரை மாட்ட ஒரு கொக்கி, போட்டால் அடுத்த தெருவுக்குக் கேட்கும் உலர்த்தி. முன்பு அக்கா ஒரு ஓட்டலில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் வேலையில் இருந்தார். "விரிப்பு கடிக்காது. மத்தபடி ரெண்டும் ஒண்ணுதான்" என்பார். கணவர் தையற்காரர். மாலையில் வந்து ஷட்டரை இறக்கித் தருவார். மூக்கைப் பொத்திக்கொண்டு தினமும் ஒரே கேள்வி: "இன்னிக்கு என்ன சென்ட்டு? ஈர நாயா, நனைஞ்ச நாயா?"

சனிக்கிழமை காலையில் வாசலில் வரிசை நிற்கும். நீட்டி முழக்கிப் பேச அக்காவுக்கு நேரம் ஏது? கதவு திறந்ததும் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி: "எப்ப ஊத்தினீங்க?"

அவர் கேட்பது தெள்ளுப்பூச்சி மருந்தைப் பற்றி. சின்னக் குப்பியில் வரும் அதைப் பிடரியில் முடியை விலக்கி, தோலின் மேல் விட வேண்டும். தோலில் இருக்கும் எண்ணெய்ப்பசையோடு சேர்ந்து உடம்பு முழுக்கப் பரவ அதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். குளிப்பாட்டிய கையோடு விட்டால் பரவ எண்ணெய்ப்பசை இருக்காது. விட்ட கையோடு குளிப்பாட்டினால் மருந்து சாக்கடைக்குப் போகும். "நேத்துதான்" என்று யாராவது சொன்னால், எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும் அக்கா திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை பெரியவர் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்தது மூன்றாவது தடவை. பெரியவர் ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். மேனேஜர் அவருடைய நாய். மண் நிறம், நரை விழுந்த முகவாய். ஒரு வேலையும் செய்யாது. ஆனால் மற்றவர்கள் வேலை செய்கிறார்களா என்று அறை அறையாகப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வரும். பெரியவரின் மனைவி சிரித்துக்கொண்டே வைத்த பெயர் அது. அவர் இறந்த பிறகு, காலையில் பெரியவரைச் செருப்பு மாட்ட வைப்பது மேனேஜர் ஒருவர்தான்.

"என்ன ஐயா, முகமே சரியில்ல? மேனேஜர் சம்பளத்தைப் பிடிச்சுட்டாரா?"

"அவனுக்கே வேலை போகப்போகுதும்மா." பெரியவர் வாரைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "பொண்ணு வீட்டுல இருக்கேன். அவளுக்கு எட்டு மாசம். காலெல்லாம் பூச்சி கடிச்சுத் தடிப்பு தடிப்பா இருக்கு. ரெண்டு தடவை மருந்து வாங்கியாச்சு, ஒண்ணும் கேக்கல. நாளைக்கு மாப்பிள்ளையோட சிநேகிதர் வராரு. ஊருக்கு வெளியில தோட்டம் வச்சிருக்காராம், இவனை அங்க கொண்டுபோய் விடறதா பேச்சு. அவளைக் குத்தம் சொல்ல முடியுமா? பச்சக் குழந்தை வரப்போற வீடு."

அக்கா மேனேஜரின் வாரை வாங்கிக்கொண்டார். வழக்கமான கேள்விதான் வாயில் வந்தது.

"எப்ப ஊத்தினீங்க?"

"ஒரு மாசம் இருக்கும்மா."

மேனேஜர் தொட்டியில் ஏறினார். அக்கா வெந்நீரைப் புறங்கையில் விட்டுப் பார்த்தார். தெள்ளுப்பூச்சி உள்ள நாய்க்கு முதலில் கழுத்தைச் சுற்றி நுரையால் ஒரு வளையம் போடுவார்; தண்ணீர் பட்டதும் பூச்சிகள் முகத்துக்கு ஓடாமலிருக்க அது அணை. நுரை போட இடது கையால் பிடரி முடியை ஒதுக்கியவர் அப்படியே நின்றார். முடி பிசுபிசுவென்று முள் முள்ளாக ஒட்டியிருந்தது.

குழாயை மூடினார்.

"ஐயா, இன்னிக்கு இவனுக்கு ஏதாச்சும் ஊத்தினீங்களா?"

"இல்லையேம்மா. ஒரு சொட்டுத் தண்ணி படல."

"தண்ணி இல்ல ஐயா. மருந்து."

"ஓ, மருந்தா! அது காலையில போட்டேனே. எப்பவும் முதநாள் ராத்திரியே போட்டுடுவேன். இந்தத் தடவை சூடா, புதுசா இருந்தா நல்லா வேலை செய்யும்னு…"

"எப்பவும் முதநாளா? அப்புறம் ஏன் ஒரு மாசம்னு சொன்னீங்க?"

"நீங்க எப்ப ஊத்தினீங்கன்னுதானே கேட்டீங்க? தலைக்கு ஊத்தறதைக் கேக்கறீங்கன்னு நினைச்சேன். குளிப்பாட்டற கடையில வேற எதைக் கேப்பாங்க?"

வரிசையில் ஒரு பொடி நாய் விடாமல் கத்தியது. அக்காவின் காதில் அது விழவில்லை. இரண்டு மாத மருந்தையும் வெந்நீர் விட்டு, நுரை போட்டு, அலசிக் கழுவியது வேறு யாருமல்ல, அவருடைய இந்தக் கைகள்தான்.

"உங்க பொண்ணு நம்பரைப் போட்டுக் குடுங்க."

பெரியவர் போனை நீட்டினார். குளியல் கடையிலிருந்து என்றதும் மறுமுனையில் மகள் சீறினாள். "அக்கா, அப்பா அழுதாரா? அவருக்காகப் பரிஞ்சு பேசறீங்களா?"

"இல்லம்மா. எனக்காகப் பேசறேன். தப்பு என் வாயில." நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "மருந்து வேலை செய்யலைன்னு இல்ல. அதை வேலை செய்யவே நான் விடல. ஒரே ஒரு மாசம் குடு. இன்னிக்கு இவனைக் குளிப்பாட்ட மாட்டேன், அழுக்காத்தான் வருவான். பிடரி காயற வரைக்கும் நீ தொடாதே. இவன் படுக்கற துணியெல்லாம் கொதிக்கற தண்ணியில போடணும். சோபா அடியில, கட்டில் அடியில தினம் பெருக்கணும், முட்டையெல்லாம் அங்கதான் கிடக்கும்."

"என்னால குனிய முடியாதுக்கா."

"நீ ஏன் குனியற? உங்கப்பா பெருக்குவாரு."

"அப்பாவா? பெருக்குமாறு எந்தப் பக்கம் பிடிக்கணும்னே அவருக்குத் தெரியாது." பிறகு குரல் இறங்கியது. "அவன் என் ரூமுக்கும் வந்து பாத்துட்டுத்தான் போவான்க்கா. நான் படுத்திருந்தா வாசல்லயே உக்காந்துக்குவான். அவனை அனுப்ப எனக்கு மட்டும் ஆசையா?… சரி. ஒரு மாசம்."

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தார். குளியல் இல்லையென்றாலும் மேனேஜரைச் சும்மா அனுப்ப மனமில்லை. நெருக்கமான பல் வைத்த சீப்பை எடுத்து, பிடரியைத் தவிர்த்து, வயிற்றிலும் தொடை இடுக்கிலும் வாலடியிலும் மெல்ல மெல்ல வாரினார். சிக்கிய பூச்சிகளைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் உதறினார். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். மேனேஜர் கண்ணை மூடி அக்காவின் முழங்கையில் முகவாயைச் சாய்த்தார்.

"வேலை நேரத்துல தூங்கறதைப் பாரு" என்றார் பெரியவர்.

அடுத்த மாதம் மேனேஜரைக் கூட்டி வந்தது மகள். நிறைவயிறு, இடுப்பில் ஒரு கை. அக்கா வாயைத் திறக்கும் முன்பே அவள் முந்திக்கொண்டாள்: "மருந்து ஊத்தி ஒரு மாசம், தண்ணி ஊத்தி ரெண்டு மாசம். ரெண்டையும் தனித்தனியா சொல்லிட்டேன், போதுமா?"

அக்கா சிரித்துக்கொண்டே மேனேஜரை வாரி, சீப்பை நனைத்த வெள்ளைத் தாளில் தட்டினார். கறுப்புத் துகள்கள் சிவப்பாகக் கரைந்தால் பூச்சி இன்னும் ரத்தம் குடிக்கிறது என்று பொருள். இருவரும் குனிய முடிந்த மட்டும் குனிந்து பார்த்தார்கள். வெறும் மண்.

"அப்பா எங்கம்மா?"

"கட்டிலுக்கு அடியில இருக்காரு. பெருக்க ஆரம்பிச்சவரை நிறுத்த முடியல."

தோட்டம் வைத்திருக்கும் சிநேகிதரிடம் வேறு நாய் பார்த்துக்கொள்ளச் சொல்லியாகிவிட்டது. மேனேஜருக்கு இன்று குளியல், செவ்வாய்க்கிழமை பிடரியில் மருந்து. புதன்கிழமை மகளைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள்.