வெள்ளையன் தோட்டத்து நீலப்பச்சைப் பாசி

பாசி சேகரிக்கும் தொழிலில் இடுப்புவலி சம்பளத்தோடு சேர்ந்தே வரும். ஈரப்பாறையில் வழுக்கி விழுந்து, எழுந்ததும் முதலில் பாட்டில் உடைந்ததா என்று பார்த்த என் சக துன்பவாசிகளே, இதெல்லாம் உங்களுக்குத்தான்.

விருந்தாளி மரியாதை

மலைமேல் வளப்பூர் நாடு என்னும் ஊர்த்தொகுதியில் மிளகு போட்டிருப்பவர் வெள்ளையன். அவர் வீட்டுக்குப் பின்னால், ஊற்றுத் தண்ணீர் விழும் கல்தொட்டியில் அருமையான நீலப்பச்சைப் பாசி. நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் போனால் தொட்டி பளபளக்கிறது! தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் போட்டுத் தேய்த்திருக்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவருக்கோ பெருமை தாங்கவில்லை.

"அம்மிணி வாரீங்கன்னு காலையில இருந்து தேச்சனுங்க. ஊட்டுக்கு வாரவிங்களுக்கு அழுக்கையா காட்டறது?"

தட்டும் உடம்பும்

நல்லவேளை, தோட்டத்து ஓரம் தண்ணீர் கசியும் பாறையிலும் அதே பாசி இருந்தது. சுரண்டிக்கொண்டே விவரம் சொன்னேன். இந்த வகைப் பாசிகள் சிலவற்றின் சாறு, ஆய்வுக்கூடத்துத் தட்டில் வளர்க்கும் புற்றணுக்களைக் கொல்கிறது. கேட்டதும் வெள்ளையன் பக்கத்தில் வந்து குனிந்து பாசியைப் பார்த்தார். அவர் மனைவி காளியம்மாவுக்கு மார்பில் புற்று. சேலத்தில் வைத்தியம் நடக்கிறது. அரைத்துக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார்.

பதறிப்போனேன். தட்டு வேறு, உடம்பு வேறு. இதில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சும் இருக்கலாம், வாயில் வைக்கவே கூடாது என்றேன். சோதித்து மருந்தாக எத்தனையோ வருஷம் ஆகும், ஆகாமலும் போகலாம். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"அத்தன வருசம் அவளுக்கு இருக்குதுங்களா, அம்மிணி?"

மடியில் ஒரு பெட்டி

மலையிறங்கும் பஸ்ஸில் காளியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். முடி கொட்டிய தலையில் துண்டு. சேலத்துக்கு மருந்து ஏற்றப் போகிறார். கொண்டை ஊசி வளைவுகளில் என் பாட்டில் பெட்டி உருண்டதும், அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வாந்தி வந்தபோதும் ஒரு கை பெட்டியை விடவில்லை. நானே வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன்.

"இருக்கட்டும் கண்ணு. எனக்கு ஆவாட்டியும் வேற யாருக்காச்சும் ஆவுமில்ல."

சோதனை முடிவு

அந்தப் பாசியின் சாறு புற்றணுக்களைக் கொன்றது. நல்ல அணுக்களையும் அதே வேகத்தில் கொன்றது. அதோடு அதை மூட்டை கட்டி வைத்துவிட்டோம்.

அடுத்த முறை மலையேறியபோது காளியம்மா இல்லை. வெள்ளையன் தாடியோடு மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். அவரே பாசி என்ன ஆயிற்று என்று கேட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை. நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் கொன்றுவிட்டது, அது மருந்துக்கு ஆகாது என்றேன். மிளகைக் கிளறிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அப்ப நான் அவளுக்கு அதக் குடுக்காம உட்டது தப்பில்லீங்களே?"

தப்பே இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் ஆய்வால் இதுவரை வலி குறைந்தது அந்த ஒரு மனிதருக்குத்தான், அதுவும் மருந்து பலிக்காமல் போனதால்.