காத்தாடி நிற்கும்வரை

எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. கோவிட் வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோமே, அது முடிந்து, பினாங்குத் தெருவில் மறுபடியும் பழையபடி தேங்காயை மலை மலையாகக் குவித்து உடைத்தார்களே ஒரு தைப்பூசம், அதற்கு அடுத்த வாரம் நடந்தது இது.

அந்தத் தைப்பூசத்தில் ரதத்துக்கு முன்னால் நானும் தேங்காய் உடைத்தேன். வேண்டுதல். என் வீட்டுக்காரி அந்த நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடந்தபோது வேண்டிக்கொண்டது. அவள் பிழைத்து வந்துவிட்டாள். நான் வாலிப வயதில் பட்டர்வொர்த் துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கியவன். தேங்காய் என்ன பெரிய கனமா என்று ஓங்கி ஓங்கி உடைத்தேன். மறுநாள் காலையில் வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கை காதுக்கு மேலே எழும்பவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும், சட்டை மாட்டிவிடுவது அவள்தானே.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வருகிறேன்.

எங்கள் மகள் கிள்ளானில் இருக்கிறாள். பேத்திக்குக் காது குத்து வைத்திருந்தாள். வீட்டுக்காரிக்கு நோய் போனாலும் முழங்கால் வலி போகவில்லை. கைத்தடி இல்லாமல் நாலு எட்டு வைக்க முடியாது. பஸ்ஸில் அவ்வளவு தூரம் காலை மடக்கி உட்கார முடியாது என்று மருமகன் பிளேன் டிக்கெட் போட்டுக் கொடுத்தார். சுபாங்கிலிருந்து பறக்கிற சின்ன பிளேன். இரண்டு பக்கத்து இறக்கையிலும் பெரிய காத்தாடி சுற்றும். அதில் ஏறுகிற படி வாலுக்குப் பக்கத்தில் இருக்கும். பின்னால் ஏறி முன்னால் நடந்து போய் உட்கார வேண்டும். போகும்போது ஒன்றும் இல்லை. காது குத்து நல்லபடியாக நடந்தது. பிள்ளை அழுததைவிட மருமகன்தான் அதிகம் அழுதார்.

திரும்பி வரும்போது முதல் வரிசையில் இடம் கிடைத்தது. முன்னால் நாற்காலி கிடையாது, தாராளமாகக் கால் நீட்டலாம். சன்னலோரம் நான், பக்கத்தில் வீட்டுக்காரி. அவள் காலை நீட்டி, கைத்தடியைப் பக்கத்தில் சாய்த்து, "ஏங்க, மருமகன் தங்கம்ங்க" என்றாள்.

அப்போது பணிப்பெண் வந்தாள். மலாய்க்காரப் பிள்ளை, சிரித்த முகம். என்னைப் பார்த்து, "பாக்சிக், உங்கள் பக்கத்தில் இருப்பது அவசரக் கதவு, தெரியுமா?" என்று மலாயில் கேட்டாள். பாக்சிக் என்றால் அவர்கள் பேச்சில் மாமா. நான் தெரியும் என்றேன். தெரியாது. சன்னல்தான் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இந்தக் கதவு மற்றக் கதவு மாதிரி கீலில் ஆடாது, தனியாகக் கழன்று கையில் வந்துவிடும், அரிசிப் பை மாதிரி கனக்கும், அதைத் தூக்கி வெளியே எறிய வேண்டும், பாக்சிக்கால் முடியுமா என்றாள்.

"போலே, போலே" என்றேன். யூனிஃபார்ம் போட்டவர்கள் எது கேட்டாலும் முடியும் முடியும் என்று தலையாட்டுவது எங்களுக்குத் துறைமுகத்திலேயே பழகிப்போன பழக்கம். முடியாது என்று சொன்னவனுக்கு அடுத்த நாள் வேலை இருக்காது.

வீட்டுக்காரி விடவில்லை. "ஏங்க, பொய் சொல்லாதீங்க லா. சட்டையே நான்தானே மாட்டிவிடறேன்!"

"நீ சும்மா இரு. இந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது."

"எனக்கு மலாய் தெரியுமே" என்று சொல்லி, என் கையைப் பிடித்து மேலே தூக்கிக் காட்டினாள். நான் "அய்யோ!" என்று கத்திவிட்டேன். பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பணிப்பெண் சிரிக்கவில்லை. கையில் பலம் உள்ளவர், சொன்னது காதில் விழுகிறவர், கூட வேறு யாரையும் கவனித்துக்கொள்ள வேண்டியதில்லாதவர், இப்படிப்பட்டவர்தான் இங்கே உட்காரலாம், சட்டம் அப்படி என்றாள். வீட்டுக்காரியின் கைத்தடியும் இங்கே இருக்கக் கூடாது, மேலே வைத்துவிட வேண்டும் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கால் வலிக்கிறவள் காலை நீட்டத்தானே இந்த இடம், அந்தக் கால் வலியைச் சொல்லியே எழுப்புகிறாயே என்று கேட்டேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "இந்த இடம் கால் நீட்ட விட்டதில்லை, பாக்சிக். ஆள் ஓட விட்டது" என்றாள்.

பின்னால் சிரித்தது ஒரு தமிழ்ப் பெண். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் ஜெபமாலை. இரண்டு நாற்காலியில் அவள் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். "நான் மாறிக்கறேன் அங்கிள். எனக்குப் பயம்தான், இன்னிக்குத்தான் முதல் தடவ பிளேன் ஏறுறேன். ஆனா தூக்குவேன். பட்டர்வொர்த் பக்கம் ஜுருல, ஃபேக்டரில நாள் முழுக்கத் தூக்குற வேலதானே" என்றாள்.

நாங்கள் எழுந்து அவள் இடத்துக்குப் போனோம். மறுபடியும் நான் சன்னலோரம். வீட்டுக்காரி மடங்காத காலை நடைபாதையில் ஒரு ஓரமாக வைத்துக்கொண்டாள். கைத்தடி மேலே போய்விட்டது.

அந்தத் தங்கச்சி சும்மா உட்காரவில்லை. பணிப்பெண்ணை நிறுத்தி வைத்து எல்லாவற்றையும் மறுபடி சொல்லச் சொன்னாள். எந்தப் பிடியை இழுக்கணும்? எந்தப் பக்கம் எறியணும்? வெளியே நெருப்பு இருந்தால்? பணிப்பெண் பொறுமையாகச் சொன்னாள். முதலில் சன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். காத்தாடி நின்றிருக்க வேண்டும். பணிப்பெண்கள் குரல் கொடுக்காமல் திறக்கவே கூடாது. பெரிய பிளேன் மாதிரி இதில் சறுக்கிக்கொண்டு போக ரப்பர் பலகை வராது, தரை பக்கம்தான், உட்கார்ந்து குதித்துவிடலாம். தங்கச்சி அதையெல்லாம் வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டு, கையைக் காற்றில் இழுத்து இழுத்துப் பழகினாள்.

நான் வீட்டுக்காரி காதில், "இந்தம்மா கதவத் தொறக்கறதுக்குள்ள நாம பினாங்கு போய் நாசி கண்டார் சாப்பிட்டுட்டு வந்துடலாம்" என்றேன்.

"கேட்டுச்சு அங்கிள்" என்றாள் அவள், திரும்பாமலே.

பறந்தோம். மேலே ஏறியதும் அவள் ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தாள். நான் தூங்கிவிட்டேன். பினாங்குப் பாலம் தெரிகிறது என்று வீட்டுக்காரி எழுப்பினாள். நல்லபடியாகத்தான் இறங்கியது. சக்கரம் தரையில் பட்டு ஓடி, வேகம் குறைந்தது. ஊர் வந்துவிட்டது என்று செருப்பைத் தேடினேன்.

அப்போதுதான் அந்த வாடை. பிளாஸ்டிக் கருகுகிற வாடை. திரும்பிப் பார்த்தால் பின்னால், பணிப்பெண்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து சாம்பல் நிறத்தில் புகை வந்துகொண்டிருந்தது. பிளேன் நடு ஓடுபாதையிலேயே நின்றது.

எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். எழுந்து எங்கே போனார்கள் தெரியுமா? பின்னாலே, புகை வருகிற பக்கமே. ஏறியது அந்த வழி, இறங்குவதும் அந்த வழிதான் என்று காலுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பின்னாலிருந்து பணிப்பெண், "டெப்பான்! டெப்பான்! முன்னால் போங்கள்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். போன கூட்டம் அப்படியே திரும்பி எங்கள் பக்கம் மோதியது.

வீட்டுக்காரி எழுந்திருக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. "தொங்காட் எடுங்க, தொங்காட் எடுங்க" என்கிறாள். தொங்காட் என்றால் கைத்தடி. நான் மேலே கையைத் தூக்குகிறேன், தோள் எழும்பவில்லை. புகை கண்ணைக் கரிக்கிறது. இவளை ஆஸ்பத்திரியிலிருந்து மீட்டுக் கொடுத்தது இதற்குத்தானா முருகா என்று நினைத்தேன்.

முன்னால் அந்தத் தங்கச்சி ஒரு கையைக் கதவுப் பிடியில் வைத்து, முகத்தைச் சன்னலில் ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். திறக்கவில்லை.

"தொற! தொறம்மா!" எல்லாரும் கத்துகிறார்கள். நானும் கத்தினேன்.

"மாட்டேன். காத்தாடி சுத்துது."

"பைத்தியமா ஒனக்கு? எல்லாரும் இங்கயே சாவணுமா?" என்றான் பின்னால் ஒருத்தன்.

அவள் அழுதுகொண்டிருந்தாள். கன்னம் நனைந்து சன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. ஆனால் அந்தக் கை அசையவில்லை. "பிளேன் மிஸ்ஸி சொல்லிச்சு. காத்தாடி நிக்கணும். அவங்க கூப்புடணும்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

நான் தாங்க முடியாமல் முன் நாற்காலிக்கு மேலாகப் பாய்ந்தேன். "கைய எடு, நான் தொறக்கறேன்!" என்று பிடியை எட்டிப் பிடித்தேன். அவள் முழங்கையால் ஓர் இடி இடித்தாள் பாருங்கள், அதே வலது தோளில்! உயிர் போய் வந்தது. அப்படியே நாற்காலியில் விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்துதான் சன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் காத்தாடி, அந்தக் கதவுக்குக் கொஞ்சம் பின்னால், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு மெல்ல வேகம் குறைந்தது. ஒவ்வொரு இலையாகக் கண்ணில் பட்டது. நின்றது.

எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்தான் இருக்கும். எனக்கு அது ஒரு ஆயுசு.

பின்னாலிருந்து குரல் வந்தது, எல்லாரும் வெளியேறுங்கள் என்று. அந்தக் குரல் முடிவதற்குள் தங்கச்சி பிடியை இழுத்தாள். கதவு அப்படியே கழன்று அவள் மார்பில் சாய்ந்தது. முக்கினாள், திருப்பினாள், வெளியே வீசினாள். வெளிச்சமும் காற்றும் உள்ளே வந்தன. எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாலிபனும் அவளைப் பார்த்துத் தன் பக்கத்துக் கதவைத் தள்ளினான். ஆட்கள் பாதிப் பேர் அந்தப் பக்கம் போனார்கள்.

அவள் முதலில் குதித்தாள். குதித்து ஓடிவிடவில்லை. கீழே நின்று இரண்டு கையையும் நீட்டி, "ஆன்ட்டிய அனுப்புங்க!" என்றாள். நான் வீட்டுக்காரியை இடது கையால் தாங்கித் தாங்கி வாசலில் உட்கார வைத்தேன். தரை பக்கம்தான் என்று பணிப்பெண் சொன்னது உண்மைதான், ஆனால் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு குதிக்க முடியுமா?

"ஆன்ட்டி, என் தோள்ல கால வைங்க. வச்சு இறங்குங்க."

வீட்டுக்காரி காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "கழுத்துல சாமி மால போட்டிருக்கியேம்மா, எப்பிடிம்மா கால் வைக்கிறது?"

பின்னால் புகை. ஆள் நெருக்குகிறார்கள். இவள் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"மாதா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க ஆன்ட்டி! வைங்க லா!"

வைத்தாள். அந்தத் தோளில் மிதித்து, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரி தரைக்கு வந்தாள். பின்னாலேயே நான் எப்படியோ விழுந்து எழுந்தேன்.

புல்தரைக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தார்கள். தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. பின்னால் அடுப்பு வைக்கிற இடத்தில் ஏதோ ஒயர் கருகியதாம். பணிப்பெண்கள் இரண்டு பேரும் எல்லாரையும் இறக்கிவிட்டுக் கடைசியாக வந்தார்கள். ஒருத்தருக்கும் பெரிய அடி இல்லை.

தீயணைப்பு ஆள் ஒருவர் என் தோளைப் பார்த்துக்கொண்டே, குதித்தவர்கள் முக்கால்வாசிப் பேர் எந்தப் பக்கம் ஓடினார்கள் கவனித்தீர்களா என்று கேட்டார். கவனித்தேன். பயணிகள் கட்டிடம் பின்பக்கம் இருந்தது. எல்லாரும் அதைப் பார்த்து, காத்தாடியை உரசிக்கொண்டுதான் ஓடினார்கள். நான் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால், என் தோளும் நன்றாக இருந்திருந்தால், யாரும் சொல்லாமலே முதலிலேயே திறந்திருப்பேன். என் வீட்டுக்காரியைத்தான் முதலில் இறக்கியிருப்பேன். அதற்கு மேல் யோசிக்க எனக்கு இன்றைக்கும் தைரியம் இல்லை.

தங்கச்சி கொஞ்சம் தள்ளி, ஒரு கால் செருப்போடு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரி என்னைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி அவளிடம் போனாள். தான் மிதித்த அந்தத் தோளை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஐயோ, என்ன ஆன்ட்டி இது" என்று அவள் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அங்கிள், நாசி கண்டார் சாப்டாச்சா?" என்றாள். அழுதுகொண்டே மூன்று பேரும் சிரித்தோம்.

பிறகு பஸ் வந்தது. எங்களை ஆஸ்பத்திரிப் பக்கம் கூட்டிப் போனார்கள், அவளை வேறு பக்கம். பேர் கேட்கவில்லை. அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்?

கைத்தடி அப்புறம் வீடு வந்து சேர்ந்தது. அதில் பிளேன் கம்பெனிக்காரர்கள் கட்டியிருந்த அட்டையை வீட்டுக்காரி இன்னும் அவிழ்க்கவில்லை. புக்கிட் மெர்தாஜாமில் கிறிஸ்தவர்கள் கோயில் திருவிழா வரும்போதெல்லாம் நாங்களும் போகிறோம். மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் கூட்டத்தில் முகம் முகமாகப் பார்க்கிறோம். இன்னும் கண்ணில் படவில்லை.

பயந்தவள் என்று நான் சிரித்தேன். பயந்ததால்தான் அவள் காது கொடுத்துக் கேட்டாள், கேட்டதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கதவைத் திறந்ததற்காக எல்லாரும் அவளைக் கும்பிட்டார்கள். திறக்காமல் அழுதுகொண்டு நின்றாளே அந்தக் கொஞ்ச நேரம், நான் கும்பிடுவது அதற்காகத்தான்.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது ஜுரு பக்கம் வேலை செய்தால் கொஞ்சம் விசாரியுங்கள். கழுத்தில் ஜெபமாலை போட்ட, நல்ல பலமான முழங்கை உள்ள ஒரு தங்கச்சி. கண்டால் சொல்லுங்கள், அந்த ஆன்ட்டி இப்போதும் காலையில் கைத்தடியோடு பசாருக்கு நடந்து போய் மீன் வாங்குகிறாள் என்று. அவளைக் காணாவிட்டால், அடுத்த தடவை பிளேனில் உங்கள் பக்கத்தில் உட்காருகிறவரிடமாவது இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.