என் மேசையில் மட்டும் இருண்ட திரை

அந்த லேப்டாப்பை நான் கெடுக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அப்போது கம்பெனியில் என்னைத் தவிர எல்லோரும் நான்தான் கெடுத்தேன் என்று நம்பினார்கள்.

பெருந்துறை தொழிற்பேட்டையில் மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் கம்பெனி அது. ஆறு வருடம் அங்கே பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டினேன். சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டர் சொல்படி கடையும் சிஎன்சி மெஷின் பக்கம் போய் நின்று, கேட்டு, திட்டு வாங்கி, புரோகிராம் போடக் கற்றுக்கொண்டேன். பழைய புரோகிராமர் வேலையை விட்டுப் போனதும், வேறு ஆள் கிடைக்காமல் ஓனர் என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். திறமையைப் பார்த்து ஒன்றுமில்லை. கதி இல்லாமல்தான். கூடவே ஒரு புது லேப்டாப் வந்தது.

ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தோம், லேப்டாப்புக்கும் வைத்தோம். ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சின்னப் பித்தளைப் பிள்ளையாரை ஒட்டிவைப்பது ஓனர் வழக்கம். என் இரும்பு மேசையின் இடது ஓரத்துக்கும் ஒருவர் வந்தார்.

அதற்கு அப்புறம்தான் சனியன் பிடித்தது. வேலை பார்த்துக்கொண்டே இருப்பேன், திடீரென்று திரை கருப்பாகிவிடும். போர்மேன் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பளிச்சென்று எரியும். மூன்று முறை கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்துக்கு ரிப்பேருக்குக் கொடுத்தனுப்பினோம். அங்கேயும் நாள் முழுக்க நன்றாக ஓடியது. மூன்றாம் முறை, "மதர்போர்டையே மாத்திப் பாக்கலாங்க" என்று சொல்லி அனுப்பினான் கடைக்காரன். கோளாறு தெரியாதவன் சொல்லும் பேச்சு அது.

போர்மேன் டீ நேரத்தில் எல்லோர் முன்னாலும் ஓனரிடம் சொன்னார். "என்ற ரூம்ல ஓடுது, கடைல ஓடுது. அம்மணி தொட்டா மட்டும் படுத்துக்குது. சில பேரு கை ராசி அப்படிங்க."

சிலர் சிரித்தார்கள். ஓனர் சிரிக்கவில்லை. "திங்கக்கெழமைல இருந்து அம்மணி பேக்கிங்கயே பாக்கட்டும்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த டம்ளர் நெளிந்திருக்கும். வாயைத் திறந்தால் வேலையே போய்விடும் என்று டம்ளரை வைத்துவிட்டு மேசைக்குப் போனேன். அன்றைக்குச் சனிக்கிழமை. எனக்கு இருந்தது அந்த மத்தியானம் மட்டும்தான்.

கை ராசியாம். மெஷின் நின்றால் ராசியா பார்க்கிறோம்? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். அப்படியே செய்தேன். சார்ஜர் வயரைப் பிடுங்கினேன். அப்போதும் கருப்பானது. மூடியை ஆட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. கருப்பானபின் தூக்கி மடியில் வைத்துப் பட்டனை அழுத்தினேன். பாஸ்வேர்டு கேட்டது. அங்கேதான் பிடி கிடைத்தது. செத்துப் பிழைத்த லேப்டாப் முதலிலிருந்து கிளம்பும். இது நான் போட்ட புரோகிராமை அப்படியே வைத்திருந்தது. மூடித் திறந்தால் எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டது. திறந்திருக்கும்போதே தன்னை மூடிவிட்டதாக நினைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறது.

மூடியதை அது எப்படித் தெரிந்துகொள்ளும்? ஓரமெல்லாம் தடவினேன். அமுங்குகிற பட்டன் எதுவும் இல்லை. எதிரே மெஷின் கதவு தெரிந்தது. கதவைச் சாத்தினால்தான் மெஷின் சுற்றும். சாத்தியதை அதற்குச் சொல்வது கதவு ஓரத்திலிருக்கும் ஒரு காந்தம். தினமும் இருபது தடவை சாத்துகிற கதவு. லேப்டாப் மூடியிலும் அப்படி ஒன்றுதான் இருக்க வேண்டும்; வேறு காந்தம் பக்கத்தில் வந்தாலும் ஏமாந்துவிடும்.

மேசையில் காந்தம் எங்கே? பிள்ளையாரின் காலடியில். மெஷின் அதிர்வில் விழக்கூடாது என்று நல்ல பலமான காந்தமாகப் பார்த்து ஒட்டச் சொல்லியிருந்தார் ஓனர். நான் என்ன செய்வேனென்றால், வலது பக்கம் டிராயிங்கை விரிக்க இடம் வேண்டுமென்று லேப்டாப்பை இடது பக்கம் தள்ளுவேன். நேராகப் போய் அவரை ஒட்டி நிற்கும். அதில் என் பங்கும் உண்டு, மறுக்கவில்லை.

ஓனரைக் கூப்பிட்டேன். போர்மேனும் வந்தார். பிள்ளையாரைப் பிடுங்கிக் கையில் எடுத்தேன்.

"அட, சாமிய ஏன் புடுங்கற?" என்று போர்மேன் பதறினார்.

லேப்டாப் ஓரத்தில் கொண்டுபோனேன். கருப்பு. விலக்கிப் பட்டனை அழுத்தினேன். வெளிச்சம். மறுபடியும் கருப்பு, மறுபடியும் வெளிச்சம்.

ஓனர் முகம் சுண்டிவிட்டது. "அப்ப, நான் வெச்ச சாமியாலதான் கெட்டுதுங்கறயா?"

"சாமி என்னங்ணா பண்ணும்? காந்தத்த ஒட்டுனது நாமதானுங்."

"மூணு தடவ கடைக்கு அனுப்பியும் அவனுக்குத் தெரியலையே!"

"அவன் மேசைல புள்ளையார் இல்லீங்ணா."

போர்மேன் விடவில்லை. "செரி, இது ஆச்சு. நாளைக்கு வேறென்ன ஆகுமோ" என்றார்.

"நாளைக்கு ஆனா நாளைக்குக் கண்டுபுடிக்கறனுங். நீங்க கண்டுபுடிச்சது என்ற கை ராசிய மட்டுந்தானுங்களே?"

அவர் கைப்பேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். ஓனர், "செரி அம்மணி, நீயே உக்காரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

"ஏனுங்ணா, போகச் சொன்னது எல்லாரு முன்னாடியுங். இருக்கச் சொல்றதும் அப்படியே சொல்லிப்போடுங்."

ஓனர் மெஷின்களை நிறுத்தச் சொன்னார். பேக்கிங்கில் இருந்தவர்களும் வந்து நின்றார்கள். "புரோகிராமு அம்மணிதான் பாக்கும். லேப்டாப்புல ஒரு கோளாறும் இல்ல, அம்மணி மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாதியில் நின்ற புரோகிராமை முடித்து மெஷினுக்கு அனுப்பினேன். முதல் பீஸே அளவு சரியாக வந்தது.