அப்பாவும் நானும் புகையை விரட்டியது

என் அம்மா கோபித்துக்கொண்டு கோயமுத்தூர் பீளமேட்டில் இருந்த தாய்வீட்டுக்குப் போனதற்குத் தென்னைமட்டைதான் காரணம் என்று நாலாம் வகுப்பு படிக்கையில் நான் உறுதியாக நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? என் காதுபட அவர்கள் சண்டை போட்டதெல்லாம் அதைப் பற்றித்தான். கோபி டவுனுக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்கு நடுவே எங்கள் வீடு. கேஸ் அடுப்பு இருந்தது, காப்பிக்கும் விருந்தாளிக்கும் மட்டும். சோறு, குழம்பு, வெந்நீர் எல்லாம் மட்டை எரிக்கும் மண்ணடுப்பில். தோப்பு வைத்திருக்கிறவன் நெருப்பைக் காசு கொடுத்து வாங்குவானா என்பது அப்பாவின் கட்சி. பி.காம். படித்துவிட்டு ஊதுகுழலோடு மல்லுக்கட்டுவது என் தலையெழுத்தா என்பது அம்மாவின் கட்சி. நான் எந்தக் கட்சியிலும் சேராமல் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

பொங்கல் கழிந்து ஒருநாள் காலையில் ஈர மட்டை புகைந்து சமையலறையில் ஆளுக்கு ஆள் முகம் தெரியாமல் போனது. அம்மா ஊதுகுழலைக் கீழே போட்டாள். “இந்தப் பொகையில இனி என்னால ஆவாதுங்க. நான் எங்கூட்டுக்குப் போறேன்” என்றாள். அம்மா போய்விட்டாள். அங்கே ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை கிடைத்ததாகச் சொன்னார்கள். முழுப்பரீட்சை முடியும்வரை நான் அப்பாவோடு இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

பள்ளிக்கூட வேன் என்னைத் தார்ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து மண்தடத்தில் நடந்து வந்து பூட்டைத் திறந்தால் உள்ளே ஒரு சத்தமும் இருக்காது. அப்பா வாழைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவார். அதுவரை தோப்பில் எங்காவது மட்டை விழும், அவ்வளவுதான். பசியைப் போலவே தனிமையும் வயிற்றில்தான் வந்து உட்காரும் என்று எனக்கு அப்போது தெரிந்தது. தின்றால் போகிற பசியாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒருநாள் அப்பா கோயமுத்தூர் போகிறேன் என்று சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவார் என்று வாசலிலேயே நின்றிருந்தேன். ஒரு இரும்பு அடுப்பைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏதோ விவசாயக் கண்காட்சியில் பார்த்தாராம். புகையே வராது என்று அங்கே எரித்துக் காட்டினார்களாம். “இனி உங்கம்மா என்ன சொல்றான்னு பாக்கலாம்” என்றார். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புகை போனால் அம்மா வந்துவிடுவாள்.

புகை போகவில்லை. பழைய அடுப்பைவிட இரண்டு மடங்கு வந்தது. அப்பா எருமைக்குச் சோளத்தட்டு போடுகிற கைப்பழக்கத்தில் மட்டையை வாய்கொள்ளாமல் திணித்தார். அடுப்பின் அடியில் இன்னொரு சின்ன வாய் இருந்தது. சாம்பல் கொட்டும், எலி புகும் என்று அதைச் செங்கல் வைத்து அடைத்துப் பத்திரமாகச் சாணியும் பூசிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏமாற்றிவிட்டார்கள் என்று கண்காட்சிக்காரர்களைத் திட்டினார்.

எனக்கு மேல்தட்டில் இருக்கும் புளி எட்டாது. ஒருநாள் சாயங்காலம் அப்பா வருவதற்குள் குழம்பு வைக்கலாம் என்று அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, ஏறி நிற்பதற்கு எதுவும் கிடைக்காமல் அந்தச் செங்கல்லைப் பெயர்த்து எடுத்தேன். அடுப்பு ஒரு மூச்சு இழுத்தது. புகைந்துகொண்டிருந்த மட்டை குப்பென்று பற்றிக்கொண்டது. புளியை மறந்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு எனக்கு விளையாட்டு, துணை எல்லாமே அந்த அடுப்புதான். மட்டையை வெயிலில் காயப்போட்டு, அப்பாவைச் சாண் நீளத்துக்கு வெட்டிப் பிளக்கச் சொன்னேன். பற்றவைக்க ஒரு பிடி தேங்காய் நார், பிறகு இரண்டு மூன்று துண்டுகள், உலை கொதித்ததும் அவற்றையும் கொஞ்சம் வெளியே இழுத்துவிட வேண்டும். மீதியைத் தணலே பார்த்துக்கொள்ளும். ஒரு கட்டு விறகு எரிந்த வீட்டில் ஒரு கை மட்டையில் சோறு வெந்தது. கரிபிடித்த சுவருக்கு அப்பா தானே சுண்ணாம்பு அடித்தார். தினமும் அம்மா போன் செய்யும்போது, “இன்னைக்கும் பொகையே வரலீங்கம்மா” என்பேன். “கையச் சுட்டுக்காத கண்ணு” என்பாள்.

பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். அப்பா பஸ்ஸுக்குப் போய் பைக்கில் கூட்டி வந்தார். பெரிய பை ஒன்று கொண்டுவந்திருந்தாள். அதை வாசலை ஒட்டிய ஆசாரத்தில் வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகச் சமையலறைக்கு வந்தாள். அடுப்புக்கு முன்னால் மணையில் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை.

“தள்ளு அம்மணி, நான் பாக்கறேன்” என்றாள்.

“இது உங்களுக்குப் பழக்கமில்லீங்கம்மா. நீங்க சும்மா உக்காருங்க.”

ஒரு மட்டையாவது வைக்கிறேன் என்று பழைய கணக்கில் கைநிறைய அள்ளி வைத்தாள். உடனே புகைந்தது. நான் அவசர அவசரமாக உருவிப் போட்டேன். “அத்தனை வெக்கக் கூடாதுங்கம்மா!” அம்மா கையை எடுத்துக்கொண்டாள். புதுச் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தபடி ஓரமாக உட்கார்ந்தாள்.

நான்தான் அவளுக்குச் சோறு போட்டேன். அப்பா நிலைப்படியில் நின்றுகொண்டு, “பாப்பாவே எல்லாஞ் செஞ்சுபோடறா. இப்ப இங்க ஒரு கொறையும் இல்ல” என்றார். அவர் முகத்தில் அத்தனை பெருமை.

“நல்லாத்தான் நடத்தறீங்க ரெண்டு பேரும்” என்றாள் அம்மா. தட்டைத் தானே கழுவி வைத்தாள். சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்புவதாகச் சொன்னாள்.

“பொகைதான் இல்லீங்களே, அப்புறம் ஏனுங்கம்மா?” என்று கேட்டேன். என் தலையைத் தடவிக் கொடுத்தாள். பையைத் திறக்காமலேயே எடுத்துக்கொண்டாள். அதில் எனக்கு ஏதோ வாங்கி வந்திருக்கிறாள், தர மறந்துவிட்டாள் என்று நினைத்து வாடிப்போனேன்.

அந்தப் பை நிறைய அவளுடைய சேலைகள்தான் இருந்தன என்று நான் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அன்றைக்கு நானும் அப்பாவும் போட்டி போட்டுக்கொண்டு அவளுக்கு அடுப்பைக் காட்டினோம். நீ இல்லாமல் முடியவில்லை என்று இரண்டு பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அது வாயைத் திறந்து சொல்ல வேண்டிய விஷயம் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருந்தாலும் சொல்ல வந்திருக்காது. அவருக்கு அடுப்பு வாங்கி வரத்தான் தெரியும்.

பைக் மண்தடத்தில் திரும்பி மறைந்ததும் நான் சமையலறைக்கு ஓடினேன். எங்கோ தப்பு செய்திருக்கிறேன், இல்லையென்றால் ஏன் போகிறாள்? சாம்பலை வழித்தேன். அடிவாயில் கைவிட்டுத் துழாவிப் பார்த்தேன். எங்கும் அடைப்பில்லை. மறுபடி பற்றவைத்தேன். துளிப் புகை இல்லாமல் எரிந்தது.