மஞ்சள் காருக்கு நான்கு எலுமிச்சம்பழம்

இரண்டு வருடங்களுக்கு முன், ரம்ஜான் ஈத் விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்த சமயம். துபாய் அல் குசைஸில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் அடித்தளப் பார்க்கிங்கில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் தூங்கிக்கொண்டிருந்தது. தூங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். மேலே சாம்பல் நிறப் போர்வை. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் எட்டிப்பார்க்கும். வேலை முடிந்து வரும் என் கணவர் தினமும் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "எப்பேர்ப்பட்ட வண்டி, இப்பிடிப் படுத்துக் கெடக்குது பாரு" என்று கோயமுத்தூர்ப் பேச்சில் அங்கலாய்த்தபடி வீட்டுக்குள் வருவார்.

அது எதிர்வீட்டு சிரியாக்காரருடைய வண்டி. கார் என்றால் அவருக்கு உயிர். ஆனால் அதற்கும் ஒரு வருடம் முன்பு ஆபீஸ் வண்டியில் போகும்போது விபத்தில் சிக்கிக் கால் முறிந்துவிட்டது. கால் சரியானது, பயம்தான் போகவில்லை. அதன்பிறகு அவர் எந்த ஸ்டீயரிங்கையும் தொடவில்லை.

நான் வீட்டிலிருந்தே படம் வரைந்து கொடுப்பவள். ஒருநாள் அவர் மனைவி வந்து, அந்த மஞ்சள் காரைப் பெரிதாக வரைந்து தர முடியுமா என்று கேட்டாள். கணவருக்கு ஈத் பரிசாம். படத்தைப் பார்த்தாவது மறுபடி ஓட்டும் ஆசை வராதா என்று சொல்லும்போதே அவள் கண் கலங்கியது.

வரைந்த நாட்கள் கனவு மாதிரி போயின. காரைப் பார்க்கிங்கில் விட மனமில்லை. கட்டட வாசலில், விடிகாலைப் பனிமூட்டத்தில் நிறுத்தினேன். மஞ்சள் நிறம் பனிக்குள் விளக்குபோல் எரிந்தது. எல்லாம் முடிந்தும் என்னவோ குறையாகப் பட்டது. கை தன்னால் போய் முகப்பில் சந்தனம் தீற்றி, ஈரம் வடியும் குங்குமம் வைத்தது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்களும் வந்து உட்கார்ந்துகொண்டன. என் கணவர் பார்த்துவிட்டு, "பின்ன? பழம் வெக்காம வண்டிய எடுப்பாங்களா?" என்றார். எங்கள் இருவருக்கும் அதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை.

ஈதுக்கு முந்தின நாள் மாலை கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கார்மேல் ஏன் ரத்தம் என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விபத்தில் அடிபட்ட மனிதருக்குப் போய் இப்படியா வரைவேன்! பெரிய பண்டிகை நாளில், வேறு மதக்காரர் வீட்டில். அழித்துத் தருகிறேன் என்று நான் படத்தை வாங்குவதற்குள் உள்ளேயிருந்து அவரே வந்துவிட்டார். படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உளறிக்கொட்டினேன்: அது ரத்தமில்லை, குங்குமம், பழத்தின்மேல் சக்கரம் ஏறினால் கெட்டதெல்லாம் அதோடு போய்விடும், எங்கள் ஊரில் வண்டியை வெளியே எடுக்கும்முன் இப்படித்தான் செய்வோம்.

அவர் சிவப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்படியென்றால், படத்தில் இந்த வண்டி கிளம்பப் போகிறதா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்லத் தோன்றும்? அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை.

ஈதுக்கு மறுநாள் விடிகாலை அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் அவர், கையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய எலுமிச்சம்பழத்துடன். "என் வண்டியும் ஒரு வருஷமாக நோன்பிருக்கிறது. ஜூஸ் கொடுத்து நோன்பு திறந்துவைப்போம். யல்லா, வாருங்கள்" என்றார்.

என் கணவர் லுங்கியோடு ஓடினார். தானே போர்வையை உருவி, அவர் மனைவி முன்னமே மெக்கானிக்கை வரவழைத்துச் சரிபார்த்து வைத்திருந்த வண்டியின் சக்கரத்துக்கு ஒன்றாகப் பழம் வைத்தார். சிரியாக்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். பிறகு வண்டி மெல்ல அசைந்தது. பழங்கள் நசுங்கின. பார்க்கிங் முழுக்க எலுமிச்சை வாசம்.

நாங்கள் வாசலுக்கு வந்து நின்றோம். வெளியே நான் வரைந்த அதே பனிமூட்டம். மஞ்சள் கார் அதற்குள் நுழைந்து, மங்கி, மறைந்தது. என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

படம் இன்றும் அவர்கள் வரவேற்பறையில் இருக்கிறது, குங்குமத்தோடு. இப்போதெல்லாம் எலுமிச்சம்பழம் வாங்கும்போது நான்கு கூடுதலாகப் போட்டுக்கொள்கிறேன். இந்தக் கட்டடத்தில் இன்னும் யாரோ ஒருவர் கிளம்பப் பயந்து உட்கார்ந்திருக்கலாம் என்று என் மனம் சொல்லிக்கொண்டே இருக்கிறது.